தையலின் தலைவலியும் அப்பாவின் ‘ஆமாங்க’வும்

என் தங்கை தையல்நாயகிக்குத் தலைவலி வந்த முதல் நாள், அவள் நடிக்கிறாள் என்று சொன்னவன் நான்தான். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் எழுத மனம் வராது.

அவளுக்கு ஒன்பது வயது. நான்காம் வகுப்பு. நான் பி.யூ.சி. தேறி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு வீட்டில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். இரண்டாவது ஆள் தையலு என்று நானே முடிவு செய்திருந்தேன். அவள் ஒருநாள் பள்ளிக்கூடம் தவறினாலும் எனக்குப் பொறுக்காது.

எங்கள் ஊர் குடவாசல் பக்கம். அது சம்பா நடவு நேரம். ஆனால் நடவு நடக்கவில்லை. கூலி நெல்லை அரை மரக்கால் கூட்டித் தந்தால்தான் வயலில் இறங்குவோம் என்று எங்கள் தெருவே உட்கார்ந்துவிட்டது. மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். அவர்களுக்குக் காவலாகப் போலீஸ் வந்து களத்தில் கூடாரம் அடித்தது. ஏழைகளின் ஆட்சி நடக்கிறது என்று ஊர்ச் சுவர்களில் எழுதியிருந்தது. அதில் பாதிச் சுவர் என் கையெழுத்து. வீட்டில் ஒரு வேளை உப்புக் கஞ்சி, கடித்துக்கொள்ளக் கருவாடு.

தையலு காலையில் எழுந்ததும் இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள்.

“எப்படி வலிக்குது?”

“உள்ளேருந்து யாரோ தள்றாங்கண்ணே.”

பிறகு வாந்தி எடுப்பாள். வெயில் ஏறினால் கொஞ்சம் தெளிந்து எழுந்து உட்காருவாள். “பள்ளிக்கூட மணி அடிச்சு ஓஞ்சதும் வலியும் ஓஞ்சிடுது பாத்தியாம்மா” என்று நான் கேலி செய்தேன். மூன்றாம் நாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வகுப்பில் உட்கார வைத்தேன். வழியில் இரண்டு முறை வரப்பிலிருந்து சறுக்கி விழுந்தாள். அதுவும் நடிப்பு என்றேன்.

மதியம் வாத்தியார் அவளைத் திருப்பி அனுப்பினார். பலகையில் எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறதாம். கடைத்தெருவில் ஊசி போடுகிறவரிடம் காட்டினோம். “கண்ணாடி போடணும். படிக்கிற புள்ளைன்னா இப்படித்தான்” என்று நாலு மாத்திரை கொடுத்தார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. எங்கள் தெருவில் கண்ணாடி போட்ட பெண் யாரும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வாரம் அவள் முகம் பூரித்து அழகாக இருந்தது. கன்னம் உப்பி, கண் இமை தடித்து, தூங்கி எழுந்த குழந்தை போல ஒரு களை. எதிர்வீட்டு அஞ்சலை அத்தை வாசலில் நின்று கத்தினார்: “ஊரே காஞ்சு கருவாடாக் கெடக்கு, உன் மவ மட்டும் சதை போடுறாளே! எங்க வச்சு ஊட்டுற, சொல்லு, நாங்களும் வந்து திங்கிறோம்.” அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே வந்து மகளுக்குத் திருஷ்டி கழித்தார். பட்டினி நாட்களில் பெற்ற பிள்ளையின் கன்னம் நிறைவதைப் பார்த்து எந்தத் தாய் பயப்படுவாள்? அது சதை இல்லை, நீர் என்று எங்களுக்கு யார் சொல்வார்கள்?

ஐந்தாம் நாள் விடியும்போதே நான்கு முறை வாந்தி. நிற்க வைத்தால் துவண்டாள். தலையைச் சுவரில் முட்டினாள். அதைப் பார்த்த பிறகுதான் என் கேலி செத்தது.

தெருவுக்குள் வண்டி ஏதும் வரவில்லை. கயிற்றுக் கட்டிலில் போட்டு நாலு பேர் தூக்கினோம். பின்னால் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். வேலையில்லாத நாள், துணைக்கு வந்தார்கள். வாய்க்கால் மதகருகே போலீஸ் மறித்தது.

“என்னய்யா, கட்டிலைத் தூக்கிக்கிட்டு ஊர்வலமா?” என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

அப்பா தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “ஆமாங்க.”

“தாலுகா ஆபீசுக்குத்தானே?”

“ஆமாங்க.”

“பொணத்தை வச்சு மறியல் பண்ற ஐடியாவா?”

அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முன்னே பாய்ந்தேன். “சார், என் தங்கச்சி சார், உசிரோட இருக்கா, ஆஸ்பத்திரிக்குப் போறோம்.” அவர் நம்பவில்லை. “பெரியவர் ஒண்ணு சொல்றார், நீ ஒண்ணு சொல்ற” என்று கட்டிலை இறக்கச் சொன்னார். துணைக்கு வந்தவர்களை வரிசையாக உட்கார வைத்துப் பெயர் எழுத ஆரம்பித்தார். இப்படியே ஒரு மணி நேரம் போயிற்று. கடைசியில் அவர் கிட்டே வந்து குனிந்து பார்த்தபோது தையலு அவர் பூட்ஸின் மேலேயே வாந்தி எடுத்தாள். எங்கள் யார் பேச்சுக்கும் அசையாதவர் அதற்கு அசைந்தார். “போங்கய்யா, போய்த் தொலைங்க” என்றார்.

பஸ்ஸில் நான் அப்பாவைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பயத்தில் உளறிவிட்டார் என்று நினைத்தேன்.

எந்த ஊர் ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். அங்கே யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவசரப் பிரிவு என்று ஓர் அறை. அன்று எங்கோ லாரி கவிழ்ந்து, வாசலெல்லாம் ரத்தமும் அழுகையும். தையலை ஒரு பெஞ்சில் கிடத்திவிட்டு நான் சீட்டு வாங்கும் ஜன்னலுக்கு ஓடினேன். வரிசை நீளம். நான் திரும்பி வருவதற்குள் டாக்டர் பார்த்து முடித்திருந்தார். அம்மா ஓரமாகச் சுவரோடு ஒட்டி நின்றார். அப்பாதான் டாக்டர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருந்தார்.

“மூளைக்காய்ச்சலா இருக்கலாம்” என்றார் டாக்டர் என்னிடம். நல்ல மனிதர், இரண்டு நாளாகத் தூங்காத கண். மூளையை மூடியிருக்கிற சவ்வில் கிருமி தாக்கினால் வருவது அது என்றார். முதுகெலும்பின் நடுவில் ஊசி இறக்கிக் கொஞ்சம் நீர் எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். காலையில் பத்து மணிக்குப் பெரிய டாக்டர் வந்ததும் எடுப்பார்கள். அதுவரை குளுக்கோஸ் பாட்டில்.

கழுத்தை மடக்கியபோது அவள் கத்தினாளாம். உடம்பு தொட்டால் சுடவில்லையே என்று நான் கேட்டேன். “மாத்திரை குடுத்திருக்கீங்க இல்ல, இறங்கியிருக்கும்” என்றார். நான்தான் மாத்திரை கொடுத்திருந்தேன். 

வார்டில் பாட்டில் தொங்கியதும் அப்பாவின் முகம் தெளிந்தது. பாட்டில் ஏற்றுகிறார்கள் என்றால் கவனிக்கிறார்கள் என்று அர்த்தம். ஊரில் போய் யாரிடம் சொன்னாலும் முதல் கேள்வி, “பாட்டில் ஏத்துனாங்களா?” என்பதாகத்தான் இருக்கும். பக்கத்துக் கட்டிலில் காலில் கட்டுப் போட்ட பையனின் தாயார் ஒருவர். அவர் வாயைத் திறந்தாலே எங்களுக்குப் பயம்தான். “முதுகுத் தண்ணி எடுக்கப் போறாங்களா? ஐயோ, எடுத்தா இடுப்புக்குக் கீழ விளங்காதும்பாங்க. நான் பாத்ததில்ல. சொல்லுவாங்க.” அம்மா அன்றிரவு முழுவதும் தையலின் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஒரு பாட்டில் முடிந்து இரண்டாவது மாட்டினார்கள். மருந்து ஏற ஏற அவள் தேற வேண்டும் அல்லவா? முனகல் கூடியது. இமை இரண்டும் ஒட்டிக்கொள்கிற அளவுக்கு முகம் வீங்கியது.

காலையில் கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் அவள் முகத்தின்மேல் நேராக விழுந்தது. அவள் கண்ணைத் திறந்தாள்.

“அண்ணே, இன்னும் விடியலையா?”

நான் ஜன்னல் வெயிலைத் திரும்பிப் பார்த்தேன். 

“விளக்கு ஏத்தேன். இருட்டா இருக்கு.”

விரலை அவள் கண்ணுக்கு முன்னால் ஆட்டினேன். இமை அசையவில்லை. அம்மா என் கையைப் பார்த்தார், அவள் கண்ணைப் பார்த்தார், பிறகு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். மகளுக்குச் சத்தம் கேட்கக் கூடாதாம்.

எட்டரை மணிக்கு வலிப்பு வந்தது. முதலில் வாயோரம் துடித்தது, பிறகு வலது கை, பிறகு உடம்பு முழுவதும். கட்டில் தரையில் தடதடத்தது. நர்ஸ் ஓடிவந்து ஒருக்களித்துப் படுக்க வைத்தார். சின்ன டாக்டரம்மா ஊசி போட்டார். அவர் படிப்பு முடித்துப் பயிற்சிக்கு வந்திருந்த இளம்பெண், என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். வலிப்பு நின்றது. “இனி பத்து மணி வரைக்கும் வெயிட் பண்ண முடியாது, ட்ரே எடுத்துட்டு வாங்க” என்றார். வெள்ளைப் பீங்கான் தட்டில் நீள ஊசி வந்தது. அவ்வளவு நீள ஊசியை நான் கோணியைத் தைக்கத்தான் பார்த்திருக்கிறேன்.

எங்களை ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். நான் கட்டிலின் கால்மாட்டில் ஒதுங்கினேன். அங்கே ஒரு அட்டையில் கேஸ் சீட்டு தொங்கியது. அதைத் தொடக் கூடாது என்று ஆயா முதல் நாளே விரட்டியிருந்தார். தொடவில்லை. கண் மட்டும் போயிற்று. ஆங்கிலத்தில் இருந்தது. நான் பரீட்சைக்குப் படித்ததைவிட எளிய ஆங்கிலம்தான்.

காய்ச்சல், ஐந்து நாளாக, ஆம். கழுத்து வலி, ஆம். வீட்டில் வேறு யாருக்கும் காய்ச்சல், ஆம். சிறுநீர் நன்றாகப் போகிறது. தோல் வியாதி எதுவும் இருந்ததில்லை. தகவல் சொன்னவர்: தந்தை.

எனக்கு முதலில் வேறு யாருடைய சீட்டையோ மாட்டிவிட்டார்கள் என்றுதான் தோன்றியது. பெயரைப் பார்த்தேன். தையல்நாயகி, வயது ஒன்பது.

வார்டு வாசலில் நின்ற அப்பாவிடம் ஓடினேன்.

“ஏம்ப்பா காய்ச்சல் இருந்துச்சுன்னு சொன்னீங்க?”

“நான் எங்கடா சொன்னேன்?”

“எழுதியிருக்குப்பா!”

“அவர் கேட்டார். ‘காய்ச்சல் இருந்துதா’ன்னார். ஆமாங்கன்னேன்.”

“அப்பறம்?”

“ஒண்ணுக்கு நல்லாப் போகுதான்னார். ஆமாங்கன்னேன். சொறி செரங்கு ஒண்ணும் இல்லேல்லன்னார். ஆமாங்கன்னேன்.”

“எதுவுமே நடக்காதப்ப எதுக்குப்பா ஆமாங்கறீங்க?”

அப்பா என்னை ஒன்றும் புரியாமல் பார்த்தார். “டேய், ஆமாங்கன்னா நீங்க சொல்றது காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம். பெரியவங்க ஒண்ணு கேக்கறப்ப மூஞ்சிக்கு நேரா இல்லேன்னு எப்படிடா சொல்றது? எங்கப்பன் ஒருக்கா பண்ணையில இல்லேன்னு சொல்லிப்புட்டான். புளியமரத்துல கட்டி வச்சாங்க. நான் அப்ப தையலு வயசு. கட்டவிழ்க்கிற வரைக்கும் பாத்துக்கிட்டு நின்னேன்.”

எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. குத்தகைப் பதிவு விசாரணைக்குத் தாசில்தார் ஊருக்கு வந்தபோது, அப்பாவிடம் “கூலிக்குத்தானே உழுத?” என்று கேட்டதாகவும், அதன்பிறகு நாங்கள் மூன்று தலைமுறையாகப் பயிர் வைத்த மூணு மா நிலம் எங்கள் பெயரில் ஏறவில்லை என்றும் தெரியும். அப்பா என்ன பதில் சொல்லியிருப்பார் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

திரும்பி உள்ளே ஓடினேன். தையலை ஒருக்களித்து மடக்கி வில் மாதிரி வளைத்துப் பிடித்திருந்தார்கள். சின்ன டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

“டாக்டர், அதுல எழுதியிருக்கறது தப்புங்க.”

“எதுல?”

“சீட்டுல.”

“கேஸ் சீட்டைப் படிச்சியா? யார் உன்னைப் படிக்கச் சொன்னது?” நர்ஸ் அதட்டினார்.

“காய்ச்சலே இல்லீங்க. எங்க வீட்டுல யாருக்குமே இல்லீங்க.”

டாக்டரம்மா நிமிர்ந்தார். “அப்ப உங்கப்பா பொய் சொன்னாரா?”

அப்பா வாசற்படியில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். அவர் காதில் எல்லாம் விழுந்தது. இத்தனை பேருக்கு நடுவில் என்ன சொல்வது? ஆனால் அந்த ஊசி தையலின் முதுகிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

“பொய் இல்லீங்க. யார் எதைக் கேட்டாலும் ஆமாங்கன்னுதான் சொல்லுவார். நீங்களே கேட்டுப் பாருங்க.”

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, வாசலைப் பார்த்து, “பெரியவரே, இந்தப் பொண்ணு நேத்து மரத்துலேருந்து விழுந்தாளா?” என்றார்.

“ஆமாங்க.”

“மாடு முட்டிச்சா?”

“ஆமாங்க.”

பக்கத்துக் கட்டில் அம்மாள் சிரித்துவிட்டார். நர்ஸும் சிரித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றினார். “சிஸ்டர், ட்ரேயை மூடி வைங்க. அவளை நேராப் படுக்க வைங்க.”

பிறகு அம்மாவிடம் போனார். அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மாவும் எதிரே குந்தினார். ஆம் இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாத கேள்விகளாகக் கேட்டார்.

“நேத்து எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனா?”

“நேத்துப் போவலீங்க. முந்தாநாள் ஒரே தடவை.”

“என்ன நெறம்?”

“வரக்காப்பி மாதிரி இருந்துச்சுங்க.”

“இதை ஏம்மா நேத்து சொல்லல?”

“என்னை யாரும் கேக்கலீங்களே.”

டாக்டரம்மா ஒரு கணம் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு தையலின் விரல் இடுக்குகளை விரித்துப் பார்த்தார். கறுப்புக் கறுப்பாகத் தழும்பு. “சிரங்கு எப்ப வந்துது?”

“மழைக்கு முன்னாடிங்க. கை காலெல்லாம் சீழ் கட்டி... வேப்பெலை அரைச்சுப் போட்டு ஆறி மூணு வாரம் இருக்கும்.”

குழந்தைக்குப் பிரஷர் பார்க்கிற சின்னப் பட்டை மாடியில் வேறு வார்டில் இருந்தது. நானே ஓடிப்போய் வாங்கிவந்தேன். அவர் கையில் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். மூன்றாவது தடவை நர்ஸைப் பார்க்கச் சொன்னார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிறிய விளக்கு வைத்த ஒரு கருவியைத் தன் கண்ணில் வைத்துக்கொண்டு தையலின் கண்ணுக்குள் மிக நெருக்கமாகக் குனிந்து பார்த்தார்.

நிமிர்ந்ததும் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னதை, அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். வேறு யாருக்காவது உதவும்.

“உன் தங்கச்சிக்கு மூளைக்காய்ச்சல் இல்லை. சிரங்கு ஆறினாலும், சில பிள்ளைகளுக்கு ரெண்டு மூணு வாரம் கழிச்சு அதனால சிறுநீரகம் வீங்கிடும். அப்ப உப்பும் தண்ணியும் வெளியே போகாது. உடம்புல தேங்கும். முகம் உப்பும். ரத்த அழுத்தம் ஏறும். அழுத்தம் ரொம்ப ஏறினா மூளை வீங்கும். தலைவலி, வாந்தி, பார்வை போறது, வலிப்பு எல்லாம் அதாலதான். கண்ணுக்குள்ள பாத்தேன், மூளையிலேருந்து வர்ற நரம்பு உப்பிக்கிட்டு நிக்குது. அந்த நேரத்துல முதுகுல ஊசி போட்டுத் தண்ணியை இறக்கினா, மேலே இருக்கற மூளை கீழே அழுந்தி மூச்சு நின்னுடலாம். எல்லாருக்கும் அப்படி ஆகாது. ஆகலாம்.”

“அந்தப் பாட்டில்?”

“அதுவும் தப்புதான். வெளியே போகாத உடம்புல தண்ணி ஏத்தியிருக்கோம்.” மறைக்காமல் சொன்னார். “குழந்தைக்குத் தலைவலின்னு வந்தா பிரஷர் பாக்கணும், கண்ணுக்குள்ள பாக்கணும். நேத்து இருந்த கூட்டத்துல யாரும் பாக்கல. எழுதினதை நம்பி நானும் பாக்கல.”

தலைவலியில் பெரும்பாலானவை தானே போய்விடுகிறவைதான் என்றும் அவர் சொன்னார். ஆனால் காலையில் எழும்போதே வலித்து வாந்தி வந்தால், எழுத்து இரண்டாகத் தெரிந்தால், நடை தள்ளாடினால், குழந்தை புதிதாக முகம் உப்பினால், அன்றே தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டுமாம். இந்த நான்கும் என் கண்ணுக்கு முன்னால் ஐந்து நாள் நடந்தன. நான் அவளை இழுத்துக்கொண்டுபோய் வகுப்பில் உட்கார வைத்தேன்.

“பொழைச்சுக்குவாளா டாக்டர்?”

“அதை இப்ப கேக்காத. சாயங்காலத்துக்குள்ள ஒண்ணுக்குப் போறாளான்னு பாரு.”

பாட்டிலைக் கழற்றினார்கள். அவ்வளவுதான், அப்பா உள்ளே ஓடிவந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். “கழட்டிட்டாங்களேடா! கைவிட்டுட்டாங்களா? வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவச் சொல்லிட்டாங்களா?” இல்லை, அதுதான் வைத்தியம் என்று சொன்னால் அவருக்கு ஏறவில்லை. பாட்டிலைக் கழற்றிய கட்டில்கள் என்ன ஆகும் என்று அவர் அந்த வார்டிலேயே ஒன்றைப் பார்த்திருந்தார்.

அழுத்தத்தை இறக்க ஓர் ஊசி, நீர் பிரிய ஓர் ஊசி, வலிப்புக்கு ஓர் ஊசி. உப்பு அறவே கூடாது. தண்ணீர் அளந்துதான். நாக்கு வறண்டு அவள் தண்ணீர் கேட்டபோது ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தோம். பெற்றவள் கையில் செம்பு நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

அளவுக்கோடு போட்ட ஒரு கண்ணாடி ஜாடியை எங்களிடம் கொடுத்தார்கள். பதினொன்று. பன்னிரண்டு. ஜாடி காலியாகவே இருந்தது. ஒரு மணிக்கு இன்னொரு வலிப்பு வந்தது. அது அடங்கிய பிறகு அவள் மூச்சு விடுகிற சத்தம் மாறியிருந்தது; குறட்டை போல, நடுநடுவே நின்று நின்று வந்தது. ஒவ்வொரு முறை நின்றபோதும் அம்மாவும் மூச்சை நிறுத்தினார். 

பக்கத்துக் கட்டில் அம்மாள் அரை மணிக்கொரு தரம், “போனாளா?” என்று கேட்டார். பிறகு எதிர்க்கட்டிலும் கேட்க ஆரம்பித்தது. சோறு கொண்டுவந்த ஆள் கேட்டான். ஆயா கூட, “இன்னுமா போவல?” என்று வந்து ஜாடியைப் பார்த்துவிட்டுப் போனார். வார்டு முழுவதும் ஒரு குழந்தையின் மூத்திரத்துக்காகக் காத்திருந்தது.

அப்பா வராந்தாத் தூணருகே உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“என்னாலதானாடா?”

என் நாக்கு நுனிவரை ஒரு பதில் வந்தது. விழுங்கினேன். “நான் அஞ்சு நாளா நடிக்கிறான்னேன்ப்பா” என்றேன். அவர் அழுததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். சத்தமே இல்லை. அதையும் யாரிடமோ அனுமதி கேட்டு அழுவது போல அழுதார்.

நாலரை மணிக்கு அம்மா கத்தினார். ஓடினேன். ஜாடியின் அடியில் இரண்டு விரல்கடை உயரத்துக்குக் கறுஞ்சிவப்பாக இருந்தது. அம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தார். டாக்டரம்மா டியூட்டி முடிந்தும் போகாமல் இருந்தார். வாங்கிப் பார்த்துவிட்டு, “இன்னும் வரும்” என்றார். வந்தது. விளக்கு வைப்பதற்குள் பாதி ஜாடி. பக்கத்துக் கட்டில் அம்மாள் எழுந்து நின்று, “போயிட்டா! போயிட்டா!” என்று கூவ, வாசலில் இருந்தவர்கள் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டு அழ ஆரம்பித்து, அவர்களைச் சமாதானப்படுத்தப் பத்து நிமிஷம் ஆயிற்று.

மறுநாள் அழுத்தம் இறங்கியது. முகத்தின் வீக்கம் வடிந்து, அடியிலிருந்து எங்கள் பழைய தையலின் ஒட்டிய கன்னம் வெளியே வந்தது. தலை வலிக்கவில்லை என்றாள். கஞ்சியில் உப்பில்லை என்று சண்டை போட்டாள். ஆனால் பார்வை வரவில்லை.

“எத்தனை விரல்?” என்று மூன்று விரலைக் காட்டினேன்.

“அஞ்சு.”

“இப்ப?”

“அஞ்சு.” கை என்றால் ஐந்து விரல்தானே, அதனால் சொல்கிறாள்.

“வழக்கமா வந்துடும்” என்றார் டாக்டரம்மா. அந்த ‘வழக்கமா’ என்ற சொல்லை நான் இரண்டு நாள் மென்றுகொண்டிருந்தேன். வழக்கத்துக்கு மாறாகப் போகிறவர்களும் உண்டு என்றுதானே அதற்கு அர்த்தம்? பார்வையற்ற பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது என்று விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. அம்மா அவளுக்குத் தெரியாமல் இருக்க, “வெளியில மேகம் மூடிக்கிட்டு இருக்கும்மா” என்று சொல்லிவந்தார். இரண்டாம் நாள் மாலை அவள் சொன்னாள்: “மேகம் இல்லம்மா. வெயில் கையில சுடுது. எனக்குத் தெரியும்.”



ஆஸ்பத்திரிக்கு வந்த ஐந்தாம் நாள் காலை. ஊரிலிருந்து அஞ்சலை அத்தை வந்திருந்தார். கூலித் தகராறு முடியவில்லை, நாற்று முற்றிப் பழுத்துவிட்டது, ஆறு பேரைப் பிடித்துப் போயிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, வார்டு, நர்ஸ், ஊர், ஆட்சி எதையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பிய அன்று இருட்டில் அவசரமாக எடுத்து மாட்டிய அதே சட்டைதான் உடம்பில். அதோடு பஸ் ஏறி, ஜன்னலில் வரிசை நின்று, மாடிக்கு ஓடி, டாக்டரோடு பேசி, அப்பா கையில் கசங்கி, ஆறு நாள் போலத் தோன்றிய நாலு நாளைக் கழித்திருந்தேன். வார்டில் அத்தனை பேர் என்னைப் பார்த்தார்கள்.

முதுகில் ஒரு விரல் ஊர்ந்தது. பக்கவாட்டு மடிப்பில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டது.

“அண்ணே.”

“என்னம்மா? தண்ணியா?”

“சட்டையைத் திருப்பிப் போட்டிருக்க. தையலெல்லாம் வெளியில வெள்ளையாத் தெரியுது.”

ஊர் போய்ச் சேரும்வரை அந்தச் சட்டையை நான் கழற்றி மாற்றிப் போடவில்லை.